கோலி காலால் கோடு கிழித்தால் மஞ்சள் அட்டையா?

தம்பி, நீங்கள் எழுதியதை முதலில் என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிக்கொள்கிறேன், எங்காவது தப்பாகப் புரிந்திருந்தால் திருத்துங்கள். தொண்டிப் பக்கம் கடலை ஒட்டிய மணல் மைதானம், பதினோரு பேர் கால்பந்து ஆட்டம், சுண்ணாம்புக் கோடு. முதல் பாதியில் உங்கள் கோலி, அதாவது கோல்கீப்பர், கோலின் நடுவிலிருந்து நேர் முன்னால், கோலை ஒட்டிய சின்ன பாக்ஸின் கோடு வரைக்கும், குதிகாலால் ஒரு கோடு இழுத்திருக்கிறார். கொஞ்ச நேரம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பத்து நிமிடம் கழித்து எதிரணிக்கு கார்னர் கிடைத்தபோது அவர்கள் ஆள் ஒருவர் அந்தக் கோட்டைக் காட்டி ரெஃப்ரியிடம் ஏதோ சொல்ல, ரெஃப்ரி வந்து பார்த்துவிட்டுக் கோலிக்கு மஞ்சள் அட்டை காட்டினார். இரண்டாம் பாதியில் அதே கோலி கோல் கிக் அடிக்காமல் நேரம் கடத்தினார் என்று இன்னொரு மஞ்சள், ஆக சிவப்பு, பத்துப் பேரோடு ஆடித் தோற்றுவிட்டீர்கள். ‘கோடு போட்டதற்கெல்லாம் கார்டா, அப்படி ஒரு ரூலே கிடையாது’ என்று உங்கள் பையன்கள் சொல்கிறார்கள். எதிரணி ஃபார்வர்டு ஃப்ரீ கிக்குக்கு முன்னால் மணலைக் குவித்து மேடு கட்டிப் பந்தை வைத்தாரே, அதை மட்டும் ஏன் விட்டார் என்றும் கேட்கிறீர்கள். விதியைத்தான் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் எங்களை ஏமாற்றிவிட்டார்களா என்பதுதான் உள்ளே இருக்கிற கேள்வி என்று எனக்குப் படுகிறது. இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. நான் இந்த மாவட்டத்தில் பி.டி. வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். இருபது வருடத்துக்கு மேல் விசில் ஊதியிருக்கிறேன், முழங்கால் போன பிறகு இப்போது பையன்களுக்கு விதி சொல்லிக்கொடுப்பதோடு சரி. பெரிய லீக் எதிலும் நடுவராக நின்றதில்லை, பள்ளி ஆட்டங்களும் கீழக்கரை முதல் மண்டபம் வரை ஊர்த் திருவிழா டோர்னமென்டுகளும்தான் என் அனுபவம். அதனால் விதிநூலில் அச்சாகியிருப்பதை உறுதியாகச் சொல்வேன், அதற்கு மேலே போகும் இடங்களில் இது என் கருத்து என்று தனியாகச் சொல்லிவிடுவேன்.

உறுதியான விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். ரூல் இருக்கிறது. ஒரு இடத்தில் இல்லை, இரண்டு இடத்தில் இருக்கிறது. கால்பந்து விதிகளை எழுதுவது 1886இல் தொடங்கிய ஐ.எஃப்.ஏ.பி. என்கிற அமைப்பு. அவர்களுடைய நூலின் முதல் விதி மைதானத்தைப் பற்றியது. அந்த விதியில் சொல்லப்பட்ட கோடுகளைத் தவிர வேறு கோடு மைதானத்தில் இருக்கக் கூடாது, அனுமதி இல்லாமல் மைதானத்தில் அடையாளம் போடும் ஆட்டக்காரருக்கு நடுவர் மஞ்சள் அட்டை காட்ட வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. ‘காட்டலாம்’ என்று இல்லை, ‘காட்ட வேண்டும்’ என்றே இருக்கிறது. அப்புறம் தவறுகளைப் பேசும் பன்னிரண்டாம் விதியில், விளையாட்டு மனப்பான்மைக்கு மாறான நடத்தை என்று ஒரு பட்டியல் போட்டு, அதில் இதையும் சேர்த்திருக்கிறார்கள். பொய்யாக விழுந்து ரெஃப்ரியை ஏமாற்றுவதும் அதே பட்டியலில்தான் வருகிறது. பழைய பதிப்புகளில் ‘காலால்’ என்று சொல்லியே எழுதியிருந்தார்கள். யாரை மனதில் வைத்து எழுதினார்கள் என்று இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம், கோல்கீப்பர்களை அன்றி வேறு யார் மைதானத்தில் நின்று குதிகாலால் கோடு கிழிக்கப் போகிறார்கள்? இப்போது கால், கை, பாட்டில், குச்சி எதுவானாலும் ஒன்றுதான். கோடாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை, பெருக்கல் குறி போட்டாலும் குழி தோண்டினாலும் அடையாளம் அடையாளம்தான். எங்கள் பள்ளிப் பையன் ஒருவன் கோல் அடித்த சந்தோஷத்தில் கார்னர் கொடிக்குப் பக்கத்தில் மணலில் ஒரு எழுத்தை எழுதிவிட்டு ஓடினான். எந்த எழுத்து, யாருடைய பெயர் என்று ஊருக்கே தெரியும். எழுத்துக்கு எழுத்து விதியைப் பார்த்தால் அவனுக்கும் மஞ்சள் உண்டு. நான் காலால் அழித்துவிட்டுச் சிரித்தபடி நடந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இதெல்லாம் ஒரு குற்றமா என்று உங்கள் பையன்களுக்குத் தோன்றுவதில் ஆச்சரியமே இல்லை, ஏனென்றால் நாமெல்லாம் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்கள். பேட்ஸ்மேன் வந்ததும் ஸ்டம்புக்கு நேராக எங்கே நிற்பது என்று அம்பயரிடம் கேட்டு, ஷூவால் கிரீஸில் ஒரு கீறு கீறிக்கொள்கிறார். பிட்ச்சின் நடுவே உள்ள பாதுகாக்கப்பட்ட பகுதிக்குப் பக்கத்தில் போகாத வரை விதி அதை அனுமதிக்கிறது. பந்து போடுகிறவர் தன் ஓட்டத்துக்கு அடையாளம் வைத்துக்கொள்கிறார், யாரும் கேட்பதில்லை. அந்தப் பழக்கத்தில் கோலி ஒருவர் தன் இடத்துக்கு ஒரு கீறு போட்டால் என்ன என்றுதான் தோன்றும். கோலியின் நிலைமையும் பாவம்தான். கோலின் அகலம் 7.32 மீட்டர், நடுவில் நின்றால் இரண்டு பக்கமும் 3.66 மீட்டர். முதுகுப் பக்கம் இருக்கிற கம்பம் கண்ணுக்குத் தெரியாது. நாலு எட்டு முன்னால் வந்து கோணத்தை அடைக்கும்போது தான் நடுவில் இருக்கிறோமா, ஒரு பக்கம் ஒதுங்கிவிட்டோமா என்ற சந்தேகம் எந்தக் கோலிக்கும் வரும். அதற்குத்தான் அந்தக் கோடு. உலகம் முழுக்கப் பழைய கோலிகள் செய்துகொண்டிருந்த வேலைதான், உங்கள் ஆள் புதிதாகக் கண்டுபிடித்ததில்லை.

அப்படியானால் ஏன் தடை? காரணத்தை நூலில் விரித்து எழுதவில்லை, களத்தில் நின்று பார்த்தவனாக எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். கால்பந்தில் கோடு என்பது அலங்காரம் இல்லை, அதுதான் தீர்ப்பு. பந்து கோட்டை முழுதாகத் தாண்டியதா, ஃபவுல் பாக்ஸுக்கு உள்ளேயா வெளியேயா, பெனால்டி அடிக்கும்போது கோலியின் ஒரு காலாவது கோல் கோட்டில் இருந்ததா, எல்லாமே கோட்டை வைத்துத்தான். எல்லைக் கோடும் அது சுற்றி அடைக்கும் பகுதியில் சேர்த்தி, அதனால் 12 சென்டிமீட்டருக்கு மேல் போகாத அந்தப் பட்டைக்காக எத்தனை சண்டை நடந்திருக்கிறது என்று நமக்குத் தெரியும். புல் தரையில் கோலி கிழிக்கும் கீறு உற்றுப் பார்த்தால்தான் தெரியும். நம் பக்கத்து மணலிலோ குதிகால் இழுத்தால் சுண்ணாம்புக் கோட்டை விடத் தெளிவாக ஒரு வாய்க்கால் விழும். அதுவும் ஆனி ஆடியில் கச்சான் காற்று அடிக்கிற நாளில் காலையில் போட்ட சுண்ணாம்பு பதினோரு மணிக்குள் பாதி பறந்துவிடுகிறது, மிச்சம் இருப்பது கால் தடமும் கோலியின் கீறும்தான். தண்ணீர் தெளித்து ஈர மணல் மேல் சுண்ணாம்பு போட்டால் கொஞ்சம் நிற்கும், அதுவும் இடைவேளை வரைக்கும்தான். இன்னொன்று, மைதானத்தைக் கோடாகக் குறிக்க வேண்டும், பள்ளமாக வெட்டிக் குறிக்கக் கூடாது என்று முன்பெல்லாம் நூலிலேயே இருந்தது. நம் ஊர்களில் மண்வெட்டியால் கீறி எல்லை போடுகிறோமே, அதைத்தான் கூடாது என்றார்கள், கணுக்கால் பிசகும் என்பதால். இப்போதும் கோடு யாருக்கும் ஆபத்தாக இருக்கக் கூடாது என்ற வரி இருக்கிறது. அந்த வரியை வைத்துத்தான் நீற்றாத சுண்ணாம்பைக் கொண்டுவரும் ஊர்க்காரர்களை நான் திருப்பி அனுப்புவேன், பையன் கண்ணில் பட்டால் பார்வையே போய்விடும்.

சரி, இப்போது உங்கள் விஷயத்தில் சிக்கலான பகுதிக்கு வருகிறேன், அந்தப் பத்து நிமிடம். ஆட்டத்தின்போது அடையாளம் போடப்படுவதை நடுவர் கவனித்தால், அடுத்து பந்து ஆட்டத்தை விட்டு வெளியே போனதும் அட்டை காட்ட வேண்டும் என்று முதல் விதி சொல்கிறது. ஆட்டத்தை நிறுத்தச் சொல்லவில்லை. இதன் அருமை எனக்குப் புத்தகம் படித்துத் தெரியவில்லை, அடிபட்டுத்தான் தெரிந்தது. விசில் எடுத்த இரண்டாவது வருடமோ மூன்றாவது வருடமோ, ஒரு கடலோர ஊரில் அரை இறுதி. மைதானத்துக்கு ஒரு பக்கம் பனை வரிசை, மறுபக்கம் வள்ளங்களை ஏற்றிப் போட்டிருக்கும் கரை. ஒரு அணி மேலே ஏறித் தாக்கிக்கொண்டிருக்க, நான் நடுக்கோட்டருகே ஓடிக்கொண்டே எதேச்சையாகத் திரும்பிப் பார்க்கிறேன், அந்த அணியின் கோலி பின்னால் நிதானமாகக் குதிகாலால் கோடு இழுத்துக்கொண்டிருக்கிறான். புத்தகத்தைப் புதிதாகப் படித்த ஆர்வம், ஊதிவிட்டேன். ஊதிய அதே நொடியில் மறு முனையில் அவர்கள் ஃபார்வர்டு எதிரணிக் கோலியைத் தாண்டிப் பந்தைத் தட்டிக் காலிக் கோலுக்குள் அனுப்பினான். விசில் முன்னால், பந்து பின்னால். கோல் இல்லை. அவர்கள் கோலிக்கு மஞ்சள் காட்டினேன், அதோடு ஆட்டத்தை நான்தான் நிறுத்தினேன் என்பதால் அவன் கோடு போட்ட இடத்திலிருந்து எதிரணிக்கு இன்டைரக்ட் ஃப்ரீ கிக்கும் (நேராக அடித்துக் கோலாக்க முடியாதது) கொடுக்க வேண்டியதாயிற்று. அந்த இடமோ கோலுக்கு எதிரே சின்ன பாக்ஸுக்குள். பந்தைச் சின்ன பாக்ஸின் கோட்டில் வைத்தேன். பதினோரு பேரும் கோல் கோட்டில் வரிசையாக நிற்க, சுற்றி நின்ற கூட்டம் என்னென்ன சொன்னது என்பதை இங்கே எழுத முடியாது. அந்த ஃப்ரீ கிக் கோலாகவில்லை என்பதுதான் நான் செய்த புண்ணியம். கோலிகள் எப்போது கோடு கிழிப்பார்கள்? பந்து மறு முனையில் இருக்கும்போது, அதாவது அவர்கள் அணி தாக்கும்போது. அப்போது ஊதினால் கோடு போட்டவனின் அணிக்கு இரட்டைத் தண்டனை. காத்திரு என்று விதி சொல்வது இதனால்தான் என்று அன்று ராத்திரி பஸ்ஸில் திரும்பும்போது உறைத்தது.

உங்கள் ரெஃப்ரி ஆட்டத்தை நிறுத்தவில்லை, பந்து வெளியே போய்க் கார்னர் ஆன பிறகுதான் அட்டை காட்டினார், அது வரைக்கும் சரி. ஆனால் நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இடையில் பத்து நிமிடம் ஓடியிருக்கிறது, அதற்குள் பந்து பலமுறை வெளியே போய் வந்திருக்கும். இங்கே இரண்டு வாய்ப்பு. கோலி கோடு கிழித்ததை அவரே அப்போதே கண்ணால் பார்த்திருந்தால், அடுத்த முறை பந்து வெளியே போனதும் காட்டியிருக்க வேண்டும். அட்டை காட்டுவது என்று முடிவு செய்துவிட்டால் அதைக் காட்டாமல் ஆட்டத்தைத் தொடங்கக் கூடாது என்பதும் விதி. அதைத் தாண்டவிட்டு, பிறகு எதிரணி ஞாபகப்படுத்தி அட்டை எடுத்தது சரியில்லை என்பது என் கருத்து. அவர் பார்க்கவே இல்லை, எதிரணி ஆள் காட்டிக்கொடுத்ததால்தான் தெரிந்தது என்றால் இன்னும் பலவீனம். தான் பார்க்காததை உதவி நடுவர் பார்த்துச் சொன்னால் ரெஃப்ரி அதை ஏற்று நடவடிக்கை எடுக்கலாம். ஆட்டக்காரரின் வாய்ச்சொல்லை வைத்து எடுக்கக் கூடாது. தரையில் கோடு இருக்கிறது என்பதற்காக யார் போட்டது என்று ஊகித்து அட்டை காட்ட முடியாது, முந்தின ஆட்டத்துக் கோலி போட்டதாகக்கூட இருக்கலாம் அல்லவா. அப்படியானால் அழித்துவிட்டு, கோலியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவதுதான் முறை. மூன்றாவதாக ஒன்றும் நடந்திருக்கலாம், அவர் வந்து பார்த்த நேரத்தில் உங்கள் கோலி அதே கோட்டை மறுபடி ஆழப்படுத்திக்கொண்டிருந்தார் என்றால் அட்டை நூற்றுக்கு நூறு சரி. மணலில் கோடு தூர்ந்துபோகும், கோலிகள் திரும்பத் திரும்ப இழுப்பார்கள், அதனால் சொல்கிறேன். இதை உங்கள் கோலியிடம் தனியாகக் கேளுங்கள், கூட்டத்தில் வைத்துக் கேட்டால் உண்மை வராது.

ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே போட்ட கோடு என்றால் கதை வேறு. நடுவரின் அதிகாரம் மைதானத்தைச் சோதிக்க வரும்போதே தொடங்கிவிடுகிறது, ஆனால் மஞ்சள் அட்டை காட்டும் அதிகாரம் ஆட்டம் தொடங்க அவர் மைதானத்துக்குள் வந்த பிறகுதான். வார்ம் அப் நேரத்தில் கோடு கிழித்தால் அழிக்கச் சொல்லலாம், அறிக்கையில் எழுதலாம், அட்டை கிடையாது. இடைவேளையில் செய்தால் அட்டை உண்டு.

அந்த மணல் மேட்டைப் பற்றி. இதில்தான் உங்கள் கோபம் பாதி நியாயம், பாதி நியாயமில்லை. பதினோரு பேர் ஆட்டத்தின் விதியில் ஃப்ரீ கிக் பந்து அசையாமல் இருக்க வேண்டும், சரியான இடத்தில் இருக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. மேடு கட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அதனால் ரெஃப்ரிகளுக்குள்ளேயே இரண்டு கட்சி உண்டு. தரையை மாற்றினாலே அது அனுமதியில்லாத அடையாளம்தான் என்பார்கள் ஒரு கட்சி. அடையாளம் என்றால் பார்த்து வழிகாட்டிக்கொள்ளப் போடுவது, பந்து உருளாமல் இருக்க ஷூ நுனியால் மண்ணைச் சரிசெய்வது அதில் சேராது என்பார்கள் இன்னொரு கட்சி. நான் இரண்டாம் கட்சி, ஆனால் ஒரு எல்லையோடு. காலால் இரண்டு தட்டு தட்டிச் சமப்படுத்தினால் கண்டுகொள்ள மாட்டேன். உட்கார்ந்து இரண்டு கையாலும் மணலை அள்ளிப் பிள்ளையார் பிடிக்கிற மாதிரி மேடு கட்டினால் கலைக்கச் சொல்வேன், ஏனென்றால் ஐந்து விரற்கடை உயரத்திலிருந்து அடிக்கும் பந்து எதிரே வரிசையாக நிற்கும் ஆட்டக்காரர் சுவரைத் தாண்டி எழும்புவது எளிது, அது நியாயமில்லாத லாபம். மறுபடி கட்டினால் மஞ்சள். உங்கள் ரெஃப்ரி ஒன்றும் சொல்லாமல் விட்டது விதிமீறல் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் கோட்டுக்கு அவ்வளவு கறாராக இருந்தவர் மேட்டுக்கு இவ்வளவு தாராளமாக இருந்தது ஒரே தராசு இல்லை, அதை ஒத்துக்கொள்கிறேன்.

அந்த ஃபார்வர்டு அதைப் பீச் சாக்கரில், அதாவது கடற்கரை மணலில் ஆடும் கால்பந்தில், பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். அங்கே ஃப்ரீ கிக் அடிப்பவர் மணலைக் குமித்துப் பந்தை உயர்த்தி வைப்பது ஒவ்வொரு ஆட்டத்திலும் நடப்பது. ஆனால் அது வேறு விளையாட்டு தம்பி, வெறும் மணலில் ஆடுகிறோம் என்பதற்காக நாம் ஆடுவது அதுவாகிவிடாது. அங்கே ஒரு அணிக்கு ஐந்து பேர், வெறுங்கால், பன்னிரண்டு நிமிடமாக மூன்று பகுதி, ஃப்ரீ கிக்குக்குச் சுவரே கிடையாது, மணல் குறைந்தது 40 சென்டிமீட்டர் ஆழம் இருக்க வேண்டும். எல்லைக்கு சுண்ணாம்பு இல்லை, நாடா கட்டித் தரையில் பிடிப்பு அடிக்கிறார்கள். நடுக்கோடும் பெனால்டி பகுதிக் கோடும் தரையில் இருக்கவே இருக்காது, வெளியே நட்ட கொடிகளுக்கு இடையே கற்பனையாக ஓடும். நடுக்கோட்டுக்குச் சிவப்புக் கொடி, பெனால்டி பகுதிக்கு மஞ்சள் கொடி, கோலிலிருந்து 9 மீட்டர். வேடிக்கை என்னவென்றால் 1863இல் இங்கிலாந்தில் முதல் விதி எழுதியபோதும் மைதானத்தைக் கொடிகளால்தான் குறிக்கச் சொன்னார்கள். பெனால்டிப் புள்ளி வந்ததே 1902இல்தான், அதற்கு முன்னால் 12 கஜக் கோட்டில் எங்கே வேண்டுமானாலும் வைத்து அடிக்கலாம். ரக்பிக்காரர்கள் பிளாஸ்டிக் தாங்கி வருவதற்கு முன்னால் பந்தை நிறுத்த வாளியில் மணலே கொண்டுவரச் சொல்லி மேடு கட்டி அடித்தார்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தரையோடு ஒரு ஒப்பந்தம்.

‘அனுமதி இல்லாமல்’ என்ற வார்த்தையைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள், இந்த விதியின் உயிரே அதில்தான் இருக்கிறது. ரெஃப்ரி போடுவது, ரெஃப்ரி சொல்லி மைதானக்காரர் போடுவது எல்லாம் அனுமதியோடு போடுவது. 2014 பிரேசில் உலகக் கோப்பையிலிருந்து நாம் டிவியில் பார்க்கும் மறையும் நுரை அப்படித்தான், சுவர் நிற்கும் இடத்தை நடுவர் அடித்துவிட்டுப் போகிறார், கொஞ்ச நேரத்தில் காற்றோடு போய்விடுகிறது. கார்னர் வளைவிலிருந்து 9.15 மீட்டர் தள்ளி மைதானத்துக்கு வெளியே போடும் சின்னக் கோட்டுக்கும் விதியிலேயே அனுமதி உண்டு. இதற்கு நான் பையன்களிடம் எப்போதும் சொல்லும் கதை 1977 ஏப்ரலில் இங்கிலாந்தில் டெர்பி கவுன்ட்டியும் மான்செஸ்டர் சிட்டியும் ஆடிய ஆட்டம். மைதானம் முழுக்கச் சேறு, டெர்பிக்குப் பெனால்டி கிடைத்தது, பெனால்டிப் புள்ளியைக் காணோம். மைதானக்காரர் ஒரு வாளி வெள்ளைப் பெயின்டோடும் டேப்போடும் உள்ளே வந்து, கோலிலிருந்து அளந்து, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கப் புள்ளி வைத்துவிட்டுப் போனார். டெர்பியின் ஜெரி டேலி அடித்தார், கோல். ஆட்டத்தின் நடுவில் ஒருவர் மைதானத்தில் அடையாளம் போட்டிருக்கிறார், ஒரு தப்பும் இல்லை, ஏனென்றால் ரெஃப்ரிக்குத் தெரிந்து போட்டது. அதே புள்ளியைக் கோலி தானாகக் குதிகாலால் வைத்திருந்தால் மஞ்சள்.

இதனால் நம் கடற்கரை மைதானங்களில் எதையும் தொடவே கூடாது என்று நினைத்துவிடாதீர்கள். கருவேல முள்ளை எடுத்து வெளியே போடுவது, உடைந்த சங்கையோ பாட்டில் சில்லையோ பொறுக்குவது, குழியை மூடுவது, இதெல்லாம் அடையாளம் போடுவதில்லை. இதற்கு அட்டை எடுத்த ரெஃப்ரியை நான் பார்த்ததும் இல்லை. அழிந்த கோல் கோட்டைக் கோலி காலால் தேய்த்து மீண்டும் தெரிய வைப்பது மட்டும் சந்தேகக் கேஸ், அங்கே ஒரு கோடு இருக்க வேண்டியதுதான், ஆனால் அவர் இழுத்தது அதே இடத்தில்தானா என்று யார் அளந்தார்கள்? பந்து நிற்கும்போது ரெஃப்ரியைக் கூப்பிட்டுக் காட்டுங்கள், அவரே காலால் இழுத்துவிடுவார்.

பெனால்டிப் புள்ளியை ஷூ ஸ்டட்டால் தோண்டி வைப்பதற்கு மட்டும் எந்த ரெஃப்ரியும் யோசிக்கத் தேவையில்லை, பார்த்தால் மஞ்சள். எதிரணி பெனால்டிக்கு முன்னால் வாக்குவாதம் நடக்கும்போது ஒருவன் மட்டும் அந்தப் பக்கமாக உலாத்துவான், அவனைப் பாருங்கள் என்று புது ரெஃப்ரிகளுக்குச் சொல்வேன். மணலில் அது விளையாட்டல்ல, ஊன்றுகால் வழுக்கினால் பந்து இரண்டு காலிலும் படும், அது பந்தை இரண்டு முறை தொட்டதாகிவிடும். 2025 மார்ச்சில் சாம்பியன்ஸ் லீக்கில் அட்லெடிகோ மாட்ரிட் வீரர் ஹூலியன் ஆல்வரெஸ் வழுக்கி அப்படி ஆகித்தான் அவருடைய ஷூட் அவுட் கோல் செல்லாமல் போனது. அதற்குப் பிறகு, தெரியாமல் இரண்டு காலிலும் பட்டுக் கோலாகிவிட்டால் மறுபடி அடிக்கலாம் என்று விளக்கம் கொடுத்துவிட்டார்கள். மைதானத்தை மாற்றுவதில் இதற்கெல்லாம் மேலே போனவர் ஸ்வீடனில் கோத்தன்பர்க் அணிக்கு ஆடிய கோலி கிம் கிறிஸ்டென்சன். 2009இல் ஓரெப்ரோ அணியோடு ஆட்டத்துக்கு முன் கோல் கம்பங்களின் அடியை உதைத்து உள்பக்கம் நகர்த்தியது கேமராவில் பதிந்துவிட்டது, ஆட்டத்தின் நடுவில் ரெஃப்ரி கவனித்துத் திருப்பி வைத்தார். நம் ஊர் சவுக்குக் கம்புக் கோலை ஆழமாக நடாமல் விட்டால் உதைக்கக்கூட வேண்டாம், காற்றே நகர்த்திவிடும். கார்னர் அடிக்க இடைஞ்சல் என்று கொடிக் கம்பத்தைப் பிடுங்குவதும் கூடாது, அது பதினேழாம் விதியில் தனியாகவே இருக்கிறது.

நன்கொடை கொடுத்த கடைக்காரர் பெயரை நடு வட்டத்தில் சுண்ணாம்பால் பெரிதாக எழுதி வைக்கிறார்களே நம் டோர்னமென்டுகளில், அதுவும் முதல் விதிப்படி கூடாது, மைதானத் தரையில் விளம்பரம் இருக்கக் கூடாது என்று எழுதியே இருக்கிறது. அதை அழிக்கச் சொல்லி நான் ஒரே ஒருமுறை வாயெடுத்தேன். அன்றைக்கு ரெஃப்ரிகளுக்குச் சாப்பாடு போடுவதாகச் சொன்னவர் அதே கடைக்காரர்தான், கடைசியில் பரோட்டா காசு கொடுத்துச் சாப்பிட்டோம்.

ஆக ஏமாற்றிவிட்டார்களா என்றால், முதல் மஞ்சளுக்கு விதியில் இடம் இருக்கிறது, அது காட்டப்பட்ட விதத்தில்தான் எனக்குச் சந்தேகம். இரண்டாவது மஞ்சள் உங்கள் கோலி தானே தேடிக்கொண்டது, ஏற்கனவே ஒரு அட்டை வாங்கியவர் கோல் கிக்குக்கு நின்று காற்று பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. புகார் எழுதலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். ஆட்டத்தில் நடந்த விஷயங்களைப் பற்றி நடுவர் எடுத்த முடிவு இறுதியானது, முடிவை மாற்ற மாட்டார்கள். விதியைத் தவறாகப் பயன்படுத்தினார் என்ற ஒரு பிடி மட்டும்தான் உங்கள் கையில் இருக்கிறது. அவர் தன் கண்ணால் பார்த்தாரா என்பதற்கு அவர் சொல்வதுதான் சாட்சி. நானாக இருந்தால் எழுத மாட்டேன்.

அந்தக் கோலிக்குக் கோடில்லாமல் நிற்கக் கற்றுக்கொடுங்கள். பந்து தூரத்தில் இருக்கும்போதே பின்னால் போய் ஒரு கையால் கம்பத்தைத் தொடச் சொல்லுங்கள், அங்கிருந்து நாலு எட்டு எடுத்து வைத்தால் நடு, உயரத்துக்குத் தகுந்த மாதிரி எண்ணிக்கை மாறும், பிராக்டிஸில் எண்ணி மனப்பாடம் செய்ய வேண்டும். முன்னால் பார்த்தால் பெனால்டிப் புள்ளி 11 மீட்டரில் நேர் நடுவில் இருக்கிறது, அதற்குப் பின்னால் பாக்ஸின் வளைவு, அந்த இரண்டும் ஒரே நேரில் தெரிந்தால் இவர் நடுவில் இருக்கிறார். மணலில் புள்ளி அழிந்துவிடும்தான், அதற்கு மறு முனைக் கோலைப் பாருங்கள், அதன் நடுவும் இதே நேரில்தான் இருக்கும், எந்தக் கச்சானும் அதைக் கொண்டுபோகாது. அப்புறம் டாஸ் போடும்போது கேப்டன் ரெஃப்ரியிடம், புள்ளியும் சின்ன பாக்ஸும் அழிந்தால் இடைவேளையில் திரும்பப் போட்டுத் தருவீர்களா சார் என்று கேட்டு வைக்கட்டும். என்னிடம் அப்படிக் கேட்ட கேப்டன்களுக்கு நானே சுண்ணாம்பு டப்பாவைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன்.